ஆஞ்சான் பிடித்தவர்

பாய்மரக் கப்பலில் பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். அகராதி இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஏற்றுவதற்கு நாலு தடியர்கள் போதும். இறக்குவதற்குத்தான் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கயிற்றை முடிச்சுப் போட மாட்டார்கள். மரத்தடி முளையில் சுற்றி, நுனியை ஒருவர் கையில் வைத்திருப்பார். சூறை வந்தால் தண்டல், அதாவது கப்பலை நடத்துபவர், "ஆஞ்சான்!" என்று கத்துவார். அவ்வளவுதான் உத்தரவு. விடு, இறக்கு என்றெல்லாம் சேர்த்துச் சொல்ல நேரம் இருக்காது. பிடித்திருப்பதற்குச் சம்பளம், விடுவதற்கு மரியாதை.

இவர் அந்த மரியாதையோடு வெகுகாலம் இருந்தவர். வீட்டில் மட்டும் காது மந்தம். "குடத்தை இறக்கி வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது? நானும் ஆஞ்சான்னு கத்தணுமா?" என்பாள் மனைவி.

ஒருநாள் அவள் தம்பி, பாய் கட்டிய குறுக்குக் கழியின் மேல் ஏறிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது சூறை அடித்தது. "ஆஞ்சான்!" என்றார் தண்டல். விட்டால் கழியோடு மைத்துனன் விழுவான். விடாவிட்டால் கப்பல் கவிழும். இவர் விட்டார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அதற்குள் கப்பல் சாய்ந்து, சரக்கு உருண்டு, சமையல்காரரின் இடுப்பை நசுக்கியது. மைத்துனன் தோள் எலும்பு முறிந்து, உயிரோடு இறங்கினான். சமையல்காரர் மறுபடி நடக்கவில்லை.

"உன் மச்சினனுக்காக எங்க எல்லாரையும் பணயம் வச்சிட்டியேப்பா" என்றார் தண்டல். திட்டக்கூட இல்லை. காலியாகக் கிடந்த அடுப்பை இவருக்குக் கொடுத்தார். இவர் சமையல் வாயில் வைக்கும்படி இருக்காது; ஆனால் யாரும் குறை சொன்னதில்லை.

வருஷங்கள் போயின. மைத்துனனே தண்டல் ஆனான். "என் தம்பி கப்பல். இனி உங்களைக் கயித்துக்கிட்ட விடாமலா இருப்பான்?" என்றாள் மனைவி. இவர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பாய் ஏற்றும் முன்பே மரத்தடியில் போய் நின்றார்.

"அத்தான், அடுப்பு இன்னும் பத்தலையே."

"இன்னிக்கு நான் கயித்தைப் பிடிக்கிறேன் மாப்ளே. யாருக்காக இது என் கையை விட்டுப் போச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் தர முடியல. அன்னிக்கு மேல இருந்தது நான். நாளைக்கு வேற எவனாவது இருப்பான். நான் கத்தினாலும் நீங்க விட மாட்டீங்க அத்தான்."

இவர் மேலே பார்த்தார்.

"மாட்டேன்தான்" என்றார்.

நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டார். மைத்துனன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பாயை ஏற்றச் சொன்னான்.