டிரம்மின் உள்பக்கம்

பழைய காரின் பிரேக் டிரம்களில் துரு ஏறியதால், நீடித்து நிற்கும் பெயின்ற் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சூடு தாங்கும் டின் ஒன்றைத் திறந்தார்.

“வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கோ அண்ணை. உள்ளுக்கு என்ன பூசினாலும் பிரேக் பிடிக்காது.”

அந்த மணமும் அந்தச் சொல்லும் சேர்ந்து என்னை அப்பாவிடம் கொண்டுபோயின.

அப்பா துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். “கடல் காத்துக்கு ஒரு இடமும் மிச்சம் வைக்கக்கூடாது” என்பார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் காரின் டிரம்களைக் கழற்றி வெளிப்பக்கம் பூசிவிட்டுச் சாப்பிடப் போனார். வெள்ளியாய் மினுங்கிய உள்பக்கம் துருப்பிடிக்கும் என்று பயந்து, நிறமில்லாத படகு வார்னிஷை நான் பூசினேன். கூச்சத்தில் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் உவர்மலை இறக்கத்தில் கார் நிற்கவில்லை. மதிலில் மோதியதில் அம்மாவின் கை முறிந்தது.

அப்பா சில்லைக் கழற்றி, டிரம்மின் உள்ளே நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் பூட்டேக்க பிழை விட்டிட்டன்” என்று அம்மாவிடம் சொன்னார்.

“உங்கட வேலையாலதான் எனக்கு இந்தக் கை” என்று அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினா. நானும் அதையே நம்பினேன்.

“உங்களோட கார்ல வர எனக்குப் பயம்” என்று ஒருநாள் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“ஓம் ராசா, நீ பஸ்ஸில வா” என்றார்.

“என்ன அண்ணை, இப்படி வேர்க்குது? இருங்கோ” என்று கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார்.