மாலை கழற்றிய படம்

ஈப்போவில் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தால் சந்தன மாலை இலவசம். கிளிநொச்சியிலிருந்து கலியாணம் கட்டி மலேசியாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரம். நான் வேலை செய்யும் கடையில் ஒரு முறை உண்டு. படத்தின் அடியில் பெயரும் ஒரே ஒரு தேதியும் எழுதச் சொன்னால் அது செத்த நாள். துக்க வீட்டுக்காரரின் வாயைக் கிளறக் கூடாது. தேதியை எழுதி, மாலையை மாட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

இத்ரிஸ் அப்படித்தான் ஒரு படத்தோடு வந்தார். சூடான்காரர், பக்கத்து ஊரான காம்பாரில் மேற்படிப்பு. படத்தில் அவருடைய தம்பி, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கீழே பெயரும் 15 ஏப்ரல் 2023 என்ற தேதியும் வேண்டுமென்றார். எங்கள் புத்தாண்டுக்கு மறுநாள் ஆயிற்றே என்று என் அரைகுறை மலாயில் வாயாடினேன். தங்கள் நாட்டு ஏப்ரலுக்கு ஓய்வே கிடையாது என்றார் அவர். 2019இல் ஆறாம் தேதி மக்கள் தெருவுக்கு வந்த நாள். அதே மாதம் பதினோராம் தேதி முப்பது வருட ஆட்சி கவிழ்ந்த நாள். நாலு வருடம் கழித்துப் பதினைந்தாம் தேதி இராணுவமும் துணைப்படையும் தலைநகர் கார்ட்டூமில் ஒன்றையொன்று சுடத் தொடங்கிய நாள். முதல் இரண்டுக்கும் தம்பியும் தானும் தெருவில் ஆடியதாகச் சொன்னார். மூன்றாவது நாளில் தம்பிக்கு என்ன ஆனது என்று, கடை முறைப்படி, நான் கேட்கவில்லை. எங்களுக்கும் ஒரு மே மாதம் இருக்கிறதே.

சனிக்கிழமை படத்தை வாங்க வந்தவர் மாலையைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்து போனார். எதற்குப் பூ, கலியாணத்துக்கா என்று கேட்டார்.

"ஐயோ, அவருக்குத் தெரியாதுலா!" என்றார் கல்லாவில் இருந்த சரோஜா அக்கா. "செத்தவங்களுக்குத்தான் போடுவோம்னு நீயே சொல்லிரு."

சொன்னேன்.

"பெலும்" என்றார் இத்ரிஸ். இன்னும் இல்லை. அன்று காலை ரொட்டி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. அது அவன் போன நாள். வந்ததும், இத்தனை நாள் எங்கேயடா இருந்தாய் என்று கணக்காய்த் திட்ட வேண்டுமாம் அவர் அம்மாவுக்கு, அதற்குத்தான் தேதி. மாலையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேறு யாரும் இந்தப் பிழையை விடலாம், நான் விடலாமா? போர் முடிந்த 2009 மே மாதம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்ற இராணுவத்திடம் என் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தவர் என் அம்மா. இன்றுவரை கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டக் கொட்டிலில், பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்த அதிகாரியிடம், "நான் பிள்ளையைக் குடுத்தனான். கடதாசியைக் கொண்டுவந்து நீட்டாதேங்கோ" என்றார். அவருடைய மகள் நானோ, காத்திருந்து களைத்து, ஒருநாள் கடையில் கிடைத்த இலவச மாலையை ஈப்போ வீட்டில் அண்ணன் படத்துக்குப் போட்டுவிட்டேன். அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் அந்தச் சுவர் தெரியாதபடி திரும்பி உட்காருவேன். எத்தனை வருடக் கள்ளம்!

இனிக் கேட்காமல் எந்தப் படத்துக்கும் மாலை மாட்ட மாட்டேன் என்று சரோஜா அக்காவிடம் சொன்னேன்.

"முதலாளி ஏசுவாருலா."

"ஏசட்டும் அக்கா."

வீட்டுக்குப் போய்க் கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினேன். மனம் மாறுவதற்குள் அம்மாவை அழைத்து, போனை நேரே சுவருக்குத் திருப்பினேன்.

அம்மா உற்றுப் பார்த்தார். "கண்ணாடியில என்ன பிள்ளை தடம்?"

மாலை கிடந்த இடம் மட்டும் தூசி படியாமல் கழுத்தைச் சுற்றி வளைவாகத் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம்.

"மாலை போட்டிருந்தனான் அம்மா. கழட்டிப்போட்டன்."

கொட்டிலுக்குப் பக்கத்தால் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது.

"ஈரத்துணி எடு" என்றார். "அவன் வந்து பாத்தாலும் தெரியாத மாதிரித் துடை."

கிளிநொச்சியில் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நான் ஈப்போவில் துடைத்தேன்.