டவாலி கூப்பிட்ட பெயர்

கிளியனூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடும் ஒன்றரைக் காணிதான் எங்கள் சொத்து. அதை அடமானம் வைத்து என் வீட்டுக்காரர் கடன் வாங்கியிருந்தார். மழை ஏய்த்துவிட்டது. கடன் கொடுத்தவர் திண்டிவனம் கோர்ட்டில் கேஸ் போட்டார்.

வக்கீலைப் பார்த்துத் தவணை கேட்கலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இவர் போய் யோசனை கேட்டது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சட்டம் பேசும் ஒருவனிடம். இவர் பிறந்தது பாகூர்ப் பக்கம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில். அது போதாதா அந்தப் படுபாவிக்கு! பிரெஞ்சு மண்ணில் பிறந்தவனை இந்தியா கோர்ட்டு ஒன்றும் கேட்க முடியாது, ரேஷன் கார்டு நம்பரை வாங்கியதால்தான் நீ இவர்கள் ஆளானாய், கடன்பட்டது அந்த நம்பர்தான், நீ இல்லை என்று ஓதியிருக்கிறான். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாதாம், திறந்தால் அகப்பட்டுக்கொள்வாராம்.

இவரும் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த மாசம் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கேப்பைக் கூழை ஊற்றிப் பிள்ளைகளை ஓட்டினேன்.

வாய்தா அன்று நானும் விடாமல் கூடப் போனேன். டவாலி வராந்தாவுக்கு வந்து இவர் பெயரைக் கூப்பிட்டான். தூணோரம் நின்ற மனுஷன் அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டான்.

"இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்" என்றேன்.

மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு டவாலி உள்ளே திரும்பினான்.

தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்களில் அது ஆகாது. யாராவது கேட்டால் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன், வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி.

டவாலி நின்று, "ஆளு வந்துக்கிறாராம்மா?" என்றான். நான் இவரைக் கைகாட்டினேன். இவரோ யார் வீட்டு எழவோ என்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டவாலி உள்ளே போய்விட்டான்.

ஆள் வரவில்லை என்று கடன் கொடுத்தவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. பிறகு ஒருநாள் தண்டோரா போட்டு நிலத்தை ஏலம் விட்டார்கள். ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்து கூழ் ஊற்றி வைத்தேன். கும்பாவைத் தள்ளிவிட்டு இவர் சொன்னார்:

"நான் கம்முனுதான நின்னுக்கினு இருந்தேன். நீ ஏன்டி பேரச் சொல்லிக் கூப்ட்ட? அதுலதான் எல்லாம் போச்சு."