வாசலில் தொங்கிய நுரையீரல்

மருத்துவத் தொழிலில் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு நோயாளிதான். அவரைக் குணப்படுத்திய கையோடு தொழிலை விட்டுவிட்டேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு. நோயாளி, என் அப்பா. நோய், பீடி.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில், அமிர்திக்கு மேலே, பஸ் எட்டிப்பார்க்காத ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. கீழே இறங்கும் காட்டுப்பாதையின் நீளத்தை எங்கள் ஊரில் மைலில் சொல்ல மாட்டார்கள், பீடியில் சொல்வார்கள். இறங்க மூன்று பீடி, தலையில் புளிமூட்டை இருந்தால் நான்கு. ஏறுவதற்கு எத்தனை என்பது ஆளைப் பொறுத்தது. அப்பாவின் கணக்கு மட்டும் யாருக்கும் தெரியாது. ஒன்று அணைந்து அடுத்தது பற்றுவதற்கு நடுவில் இடைவெளி இருந்தால் அல்லவா எண்ணுவதற்கு? அவர் ஊருக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இருமல் வந்து சேரும். பட்டியில் இருக்கும் ஆடுகள் அதைக் கேட்டு எழுந்து நிற்கும். அம்மா உலை வைப்பாள். எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது, அப்பாவின் நெஞ்சைத் தவிர.

அந்த வருஷம் பனி இறங்கிய பிறகு இருமல் நிற்கவே இல்லை. சாமை அறுப்பில் பாதி நாள் வரப்பில் குந்தியிருந்தார். அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, தலைவாரி, பக்கத்து வீட்டில் ஆடுகளை ஒப்படைத்துவிட்டு, "கெளம்பு மாமா" என்றாள். எங்கே என்று அப்பா கேட்டதற்கு "வேலூருக்கு" என்றாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். அமிர்திவரை நடை, அப்புறம் பஸ். கணியம்பாடி வந்தபோது பழகிய ஊரைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்த அப்பா, வேலூர் ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் மறுபடி வாடிவிட்டார்.

அங்கே அவரை ஒரு இருட்டறைக்குள் கூட்டிப்போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டவைத்து, மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார்களாம். வெளியே வந்தவர் அந்த மூச்சுப் பஞ்சத்தைச் சரிக்கட்ட நேரே வாசல் கேட்டுக்கு அப்பால் போய்ப் பற்றவைத்தார். அவருக்குக் காவலாக நான். எனக்குக் கூலியாக ஒரு பன். ஆகவே டாக்டர் கூப்பிட்டபோது உள்ளே போனது அம்மா மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, முறம் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கவரோடு வந்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றார் அப்பா.

"பீடிய வுட சொன்னாரு."

"வேற?"

"வேற இன்னா சொல்லணும்?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். ஊர் திரும்பும்போது ஏற்றத்தில் வழக்கம்போலப் பற்றவைத்தார். பீடியை விடச் சொன்னாரே தவிர இன்றைக்கே என்று சொல்லவில்லையே என்பது அவர் வாதம்.

கவர் பரண்மேல் போனது. மறுநாளிலிருந்து சாயங்காலம் தோறும் பலாமரத்தடியில் இந்த விஷயம் விவாதத்துக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், பீடிக்கு உற்ற தோழன். வாதத்துக்கு நடுவே அப்பாவுக்கும் ஒன்று எடுத்து நீட்டுவார்.

"நம்ம ஊர்ல பீடி குடிச்சி செத்தவன் எவன்னு சொல்லு பார்க்கலாம்" என்பார். "மேல்வூட்டுக்காரன் பீடிய கையால தொட்டதில்ல. புளியமரத்துல இருந்து வுழுந்து செத்தான். அவன் சித்தப்பனும் அதே மரத்துல இருந்துதான் வுழுந்தான். அப்படிப் பார்த்தா நாம வுட வேண்டியது பீடியவா, புளியமரத்தையாடா?"

அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. புளியமரத்தை விட்டால் சோறு இல்லை, ஆகவே பீடியும் தொடரட்டும் என்று ஏறக்குறைய தீர்ப்பாகிவிட்ட நேரத்தில் பெரியப்பா ஒரு தவறு செய்தார். "அவ்ளோ தூரம் போயி போட்டோ புடிச்சீங்களே, அதுல இன்னாதான் இருக்குது? கொண்டாந்து காட்டுங்க" என்றார்.

ஊரில் பள்ளிக்கூடம் போகிறவர்கள் மூன்று பேர். அதில் உயர்ந்த வகுப்பு என்னுடையது. ஆகவே படத்தைக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மறுநாள் உச்சி வெயிலில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு மண்மேட்டின் மேல் ஏறி நின்று, கவரை உருவி, எக்ஸ்ரேயைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ஊரே கழுத்தை நீட்டியது.

வெள்ளை வெள்ளையாக விலாவெலும்புகள். அதை எல்லோரும் உடனே புரிந்துகொண்டார்கள். ஆடு உரித்துப் பழகிய ஊர். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டு பக்கமும், எலும்புகளுக்குப் பின்னால், கன்னங்கரேல் என்று இரண்டு பெரிய பை.

"இது நுரையீரல்" என்றேன்.

"அது ஏம் பாப்பா கறுப்பா இருக்குது?" என்றது ஒரு குரல்.

எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அதில் மனிதனுக்கு நுரையீரல் தாமரைப்பூ நிறத்தில் இருக்கும். அப்பாவுக்குக் கறுப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரையின் உட்பக்கமும் ஒரு காலத்தில் புதுப்புல் நிறத்தில்தான் இருந்தது; அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் கறுத்தது. விஞ்ஞானத்துக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"புகை" என்றேன். "அத்தனையும் பீடிப் புகை. உள்ள போனது வெளிய வரல."

அப்படி ஒரு நிசப்தத்தை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நான் சம்பாதித்ததில்லை. பெரியப்பா கிட்டே வந்து, எக்ஸ்ரேயில் இருந்த கறுப்பை விரலால் தேய்த்து, விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்தார். அப்பா தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மே, டாக்டரு இதத்தான் சொன்னாரா?"

அம்மா கூட்டத்துக்குப் பின்னால் முறத்தோடு நின்றிருந்தாள். "அவரு பீடிய வுட சொன்னாரு" என்றாள். "மீதிய படிச்ச புள்ள சொல்லுதே, கேட்டுக்க."

அப்பா காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, மடியில் இருந்த கட்டையும் எடுத்து, பெரியப்பாவின் கையில் வைத்தார். சபதம், கற்பூரம், படவேட்டு அம்மன்மேல் ஆணை எதுவும் கிடையாது. எக்ஸ்ரேயின் மூலையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, நிலைக்காலில் தானே தொங்கவிட்டார். அன்றுமுதல் எங்கள் வீட்டின் தாழ்ந்த வாசல் வழியாக வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவின் நுரையீரலுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

பீடியை விடுகிற மனிதரோடு ஒரு வீட்டில் குடியிருப்பது பற்றி நான் நிறைய எழுதலாம். ஆடு கத்தினால் ஆட்டோடு சண்டை. சோறு சூடாக இருந்தால் சோற்றோடு சண்டை. சாப்பிட்டு முடித்ததும் கை தானாகக் காதுக்குப் போகும். அங்கே ஒன்றும் இல்லாமல் திகைக்கும். பாவம் என்று ஒரு துடைப்பக்குச்சியை அங்கே செருகிக்கொண்டார். வாய்க்கு வறுத்த புளியங்கொட்டை. நாள் முழுவதும் கடகடவென்று மென்றார். தாடை வீங்கியது. பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போய், ஒருமுறை போக வேண்டிய கொல்லைக்காட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

காலையில் வெயில் நிலைக்காலில் விழும் நேரத்துக்கு நான் நோயாளியைப் பார்ப்பேன். அதாவது, படத்தை.

"கொஞ்சம் வெளுத்திருக்கா பாப்பா?" என்பார்.

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஓரத்துல கொஞ்சம்" என்பேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மருத்துவருக்குத் தன் மருந்தின்மேல் நம்பிக்கை வேண்டும் அல்லவா?

இதை ஒருநாள் பெரியப்பா கேட்டுவிட்டார். வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்து, அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு, "ஏண்டா, போட்டோவுல இருக்கறவனுக்கு மீச வளருமாடா? புடிச்சது புடிச்சதுதான். இனிமே நீ நூறு வருசம் பீடி குடிக்காம இருந்தாலும் அந்தக் கறுப்பு அப்படியேதான் இருக்கும்" என்றார்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. என் முகமும்தான், ஆறாம் வகுப்பு மருத்துவத்துக்கு விழுந்த முதல் அடி அது. அப்பா வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார், பெரியப்பாவை நோக்கி.

"குடு. வெளுக்காதுன்னா வுட்டு இன்னா ஆவப்போவுது?"

பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். அப்பா வாயில் வைத்தார். தீப்பெட்டியைத் தேடி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். அம்மா அங்கே கேழ்வரகு களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை. தீப்பெட்டி அவள் காலடியில் இருந்தது. அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள்.

"அது வெளுக்கவே வேணாம் மாமா. இப்படியே இருந்தா போதும்" என்றாள். "நீயும் இருந்தா போதும்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் பிசிறியது. களியின் ஆவி என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பீடியை வாயிலிருந்து எடுத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அடுப்பில் போட்டார். அது அடுப்பிலேயே புகைந்தது. அதுதான் எங்கள் வீட்டில் எரிந்த கடைசிப் பீடி.

புளி இறங்கும் காலம் வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு மூட்டை தூக்கிக்கொண்டு அமிர்திக்கு இறங்கினார்கள். நானும் போனேன். புளியை வியாபாரியிடம் போட்டுவிட்டு, திரும்பும்போது அப்பா தலையில் அரிசி, கையில் மண்ணெண்ணெய். பெரியப்பா தலையில் உப்புமூட்டை. முதல் வளைவிலேயே பெரியப்பா சுமையை இறக்கிவைத்துப் பற்றவைத்தார்.

"நீ குடிச்சிட்டு வாண்ணா. நான் மெதுவா போய்ட்டே இருக்கறேன்" என்றார் அப்பா.

மெதுவாகத்தான் போனார். ஆனால் நிற்கவில்லை. வழக்கமாக இருமி உட்காரும் பாறை வந்தது, கடந்தார். ஆட்கள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் செங்குத்து வந்தது, கடந்தார். அவருக்குப் பின்னால் ஓடி எனக்கு மூச்சு முட்டியது. கடைசித் திருப்பத்தில், எங்கள் ஊர்க் கூரைகள் தெரியும் மேட்டில் சுமையை இறக்கி நிமிர்ந்தபோதுதான் அவருக்கே அது புரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். இருமல் எங்கே என்று தேடுகிறவர் போல நெஞ்சில் கை வைத்தார்.

பிறகு மலைச்சரிவைப் பார்த்து ஒரு கூவு கூவினார். காட்டில் வழி தவறியவர்களைக் கூப்பிடும் நெடுங்கூவல். நான் பிறந்ததிலிருந்து அவர் அதைப் பாதிக்கு மேல் கூவி நான் கேட்டதில்லை. நடுவில் இருமல் வந்து முறித்துவிடும். அன்று அது முறியவில்லை. எதிர்மலை வரை போய், அங்கே இடித்து, திரும்பி வந்தது; அதற்குள் அப்பா இன்னொன்று கூவிவிட்டார். ஊரில் ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள். வெகு கீழேயிருந்து பெரியப்பா பதில் கூவினார். அது வழியிலேயே இருமலாகி நின்றது.

அப்பா திரும்ப இறங்கிப் போனார். பெரியப்பாவின் உப்புமூட்டையையும் தன் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் வெறுங்கையோடு வந்த பெரியப்பா மேட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் போட்டோவுல அவ்ளோ கறுப்பு காட்டுச்சே. எங்கடா வெச்சிருந்த இவ்ளோ காத்த?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பும் முழுசாக இருந்தது. பெரியப்பா என் பக்கம் திரும்பி, தனக்குப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். இன்னும் கறுப்பாக இருக்கும் என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் வைத்தியத்துக்கு வரவே இல்லை.

பல வருஷம் கழித்து, வேலையில் சேர்வதற்கு உடற்தகுதிச் சான்று வேண்டும் என்று எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குப் பெட்டியில் அதை மாட்டினார்கள். அமாவாசை இருட்டு. "நான் பீடி குடிச்சதே இல்ல மேடம்" என்றேன். டாக்டரம்மா என்னை விசித்திரமாகப் பார்த்து, காற்று நிறைந்த நல்ல நுரையீரல் கறுப்பாகத்தான் விழும், வெள்ளையாக விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றார்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பா புளியமரத்தின் உச்சியில் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், அவர் காதில் விழாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள், பொறுக்குவதை நிறுத்தாமல். "எங்கப்பன அதே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டினு போனேன், கல்யாணத்துக்கு முன்னால. அவரு படத்துல ரெண்டு பக்கமும் வெள்ள வெள்ளயா இருந்துச்சு. டாக்டரு வெரல வெச்சிக் காட்டுனாரு. அடுத்த அறுப்புக்கு எங்கப்பன் இல்ல."

"அப்பா படத்துக்கு டாக்டர் இன்னாதாம்மா சொன்னாரு?"

"நெஞ்சு நல்லா இருக்குதும்மா, இப்பவே பீடிய வுட்டா பொழச்சிக்குவாருன்னாரு. நல்லா இருக்குதுன்னு சொன்னா உங்கப்பன் வுடுவாரா?"

நான் மேலே பார்த்தேன். புளி மழையாகக் கொட்டியது.

படம் காட்டிய அன்று கூட்டம் கலைந்த பிறகு நடந்த ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரே பதறியபோது அம்மா மட்டும் பதறாமல் நின்றதைப் பார்த்து, பாவம், எழுத்தறியாதவள், படம் புரியவில்லை என்று நினைத்தேன். அவளைத் தனியாக உட்காரவைத்து, எலும்பு எது, புகை எது என்று நிதானமாக மறுபடி ஒருமுறை விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். நடுவில் இருக்கிற வெள்ளை என்ன என்று ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள். இதயம் என்று தீர்த்துவைத்தேன். பிறகு என் தட்டில் இன்னும் ஓர் உருண்டை களி வைத்து, குழம்பை ஊற்றினாள். படிக்காதவளுக்கு இவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டதே என்று வியந்துகொண்டே சாப்பிட்டேன்.