எஸ்தர் மதினியும் சீனிப் பூனையும்

எஸ்தர் மதினி போய்விட்டார்.

காலையில் ராஜபாளையத்திலிருந்து அவர் மகள் போன் செய்தாள். ராத்திரி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர்தானாம்... எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

மதினி என் அண்ணனின் மனைவி. நான் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர்.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் நான் ஒருத்திதான். அதனால்தான் பேரனிடம் போனை வாங்கி, மைக்கில் சொல்லிச் சொல்லி இந்தப் போஸ்ட்டைப் போடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தாலி கட்டிய கையோடு அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மதினியோடு ராஜபாளையத்திலிருந்து சீராக வந்தது ஒரு தேக்குக் கட்டில்... கூடவே ஒரு பூனை.

ராஜபாளையத்துப் பெண் என்றால் ஒரு நல்ல நாய்க்குட்டியாவது கொண்டு வந்திருக்கலாம் என்று அம்மா முணுமுணுத்தார்.

வெள்ளைப் பூனை. பெயர் சீனி. கடையில் சீனி கிடைக்காத நாட்கள் அவை. மதினி கொல்லையில் நின்று "சீனி, சீனி" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

புது மருமகள் தனியாகப் படுக்கக் கூடாது என்று என்னை மதினியோடு படுக்கச் சொன்னார் அம்மா. முதல் நாளே எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து சுருண்டது சீனி.

அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. முடி கொட்டும், தெள்ளுப்பூச்சி ஏறும், எலி தின்ற வாயோடு தலையணையில் படுக்கிறது என்று... விடிந்ததும் ஆரம்பித்தால் அடுப்புப் பற்றவைக்கும் வரை ஓயாது. ஒருநாள் தீர்மானமாகவே சொல்லிவிட்டார், பூனை இனிமேல் கட்டிலில் ஏறக் கூடாதென்று.

அன்று ராத்திரி மதினி தரையில் பாயை விரித்து, சீனியோடு படுத்துக்கொண்டார்.

காலையில் அம்மா வந்து பார்த்தால் கட்டில் காலி. நானும் கீழேதான் கிடக்கிறேன்.

"மருமகளைத் தரையில போட்டிருக்கான்னு ஊரு என்னையத்தான பேசும்" என்றார் அம்மா.

"சீனி கட்டில்ல ஏறக் கூடாதுன்னீக அத்தை. அதான் நாங்க கீழ வந்துட்டோம்" என்றார் மதினி. மரியாதையாகத்தான் சொன்னார்.

அம்மா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்... அன்றிலிருந்து மூன்று பேரும் கட்டிலில்தான்.

சீனியின் முதுகில் கை வைத்திருந்தால் மதினி சீக்கிரம் உறங்கிவிடுவார். இல்லாவிட்டால் முகட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் வராத மாதங்கள் அவை.

சண்டை முடிவதற்கு முன்பே அண்ணன் வந்து சேர்ந்தார். ஆள் திரும்பியதே பெரிது. ஆனால் இழுப்பு நோய் பிடித்திருந்தது... இப்போது வீசிங் என்கிறார்களே, அதுதான். இனி பட்டாளத்துக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

நான் அடுத்த அறையில் கயிற்றுக் கட்டிலுக்கு மாறினேன். சீனி மாறவில்லை.

அண்ணன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இழுத்துக்கொண்டிருப்பார். கேட்டால் பனி என்பார், தூசி என்பார்.

அம்மா பூனையைக் கை காட்டினால், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்மா. நான் இல்லாதப்ப அவளுக்கு அதுதான துணை" என்று முடித்துவிடுவார்.

அந்த வருஷம் சோழபுரத்தில் சித்தப்பா வீட்டு அறுப்புக்குப் போய் அண்ணன் கொஞ்ச நாள் தங்கினார். களத்துத் தூசியில், பனியில் படுத்து எழுந்தவருக்கு அங்கே இழுப்பே வரவில்லையாம். வீடு திரும்பி ஒரே ராத்திரி... மறுபடியும்.

மறுநாள் விளக்கு வைத்ததும் மதினி சீனியைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"ஏட்டி, இனிமே இது உன்கூடப் படுக்கட்டும். கால்மாட்டுல போடு... மூஞ்சிகிட்ட விடாத."

ஏன் என்று கேட்டேன்.

"அவியளுக்கு மூச்சு முட்டுதுல்லா" என்றார்.

அதிலிருந்து தினமும் கிணற்றடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டுதான் தன் அறைக்குப் போவார். சீனி உரச வரும். மதினி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தொடாமல் அப்படியே நிற்பார்... நான் வந்து அதைத் தூக்கிப் போகும்வரை.

ஆரம்பத்தில் அது அவர்கள் கதவைப் பிறாண்டும். உள்ளேயிருந்து "போ சீனி... போ" என்று மதினி மெல்லச் சொல்வது எனக்குக் கேட்கும். அண்ணன் எழுந்து திறக்கப் போனால் விடமாட்டாராம்.

இழுப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் அண்ணன் முதுகைச் சாய்த்துப் படுத்து உறங்க ஆரம்பித்தார்.

மார்கழியில் மதினி கை கழுவ அம்மாவே வெந்நீர் வைத்துக் கொடுப்பார். எந்தப் பூனையைக் கரித்துக் கொட்டினாரோ, அதற்கு என் கட்டிலில் தன் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டவரும் அம்மாதான்.

சீனி கிழடாகி, ஒரு காலையில் என் கால்மாட்டிலேயே அடங்கிப்போனது.

அண்ணன் வந்தார். தன் காக்கிச் சட்டையில் அதைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். குழி தோண்டும்போதே அவருக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

மதினி பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கு மட்டும் அவரைத் தடுக்கவில்லை.

அம்மா போய், அண்ணனும் போய், ரொம்ப வருஷமாகிவிட்டது. மதினி கடைசிக் காலத்தில் மகள் வீட்டோடு ராஜபாளையத்துக்கே போய்விட்டார்.

போன மாதம் போனில் பேசினேன். நான் யாரென்று பிடிபடவில்லை அவருக்கு. ஆனாலும் "ஏட்டி, சாப்ட்டியா... ஏட்டி, சாப்ட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அடக்கம். இந்த இடுப்போடு கார் ஏற வேண்டாம் என்கிறான் பேரன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

செத்த பொறுங்க மதினி... வாரேன்.