மின்சாரம் போனால் எந்தக் கதவைத் திறப்பீர்கள்?

1998 ஜூன் முதல் வாரத்தில், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மதுரையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனோம்: நான், என் மகள் கல்பனா, அவளுடைய ஆறு வயது மகன் முகிலன். முகிலனுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, தண்ணீரைக் கண்டால் நிற்பதில்லை. இத்தகைய குழந்தையோடு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பேருந்தில் நான்கு மணி நேரம். காலையில் கிளம்பினால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இடப்பக்கம் வெயில் அடிக்கும். பேருந்து நிற்கும் ரயில் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆட்டோ முப்பது ரூபாய். ஆற்றுப் பாலத்தில் முகிலன் வெளியே பாய முயன்றான். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். "ஏ தங்கச்சி, பிள்ளைய நடுவுல உக்கார வையி. பாலம் தாண்டுத மட்டும் பைய போறேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மண்டபத்து மேளச் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினான். எதிர்த் தெருவில் உள்ளரங்க விளையாட்டுக்கூடம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது: சறுக்கு, பந்துகள் நிறைந்த தொட்டி, மின்விசிறிகள். கட்டணம் ஐந்து ரூபாய். பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. உரிமையாளரிடம் முகிலனைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஒண்ணுக்கும் பயப்படாதீய சார். இங்கன வந்த பிள்ள எதுவும் தானா வெளிய போனதில்ல. சாயங்காலம் இழுத்துட்டுப் போகத்தான் நீங்க பாடுபடணும்" என்று சிரித்தார்.

முன்வாசல் தாழ்ப்பாளை நானே சோதித்தேன். உயரத்தில், இறுக்கமாக இருந்தது. அரை மணி நேரம் கம்பிக் கதவு வழியே, அவன் பந்துகளுக்குள் படுத்துச் சிரிப்பதைப் பார்த்தோம். அவன் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

பிறகு மின்சாரம் போனது. உள்ளே இருட்டு, புழுக்கம். அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே பணியாளரான இசக்கியம்மாள், அங்குள்ள வழக்கப்படி, காற்றுக்காகப் பின்கதவைத் திறந்துவைத்தார். அந்த வெளிச்சத்தில் தேடியபோது முகிலனைக் காணவில்லை.

"முகிலா! ஏ முகிலா!" என்று கூடமே கத்தியது. உரிமையாளர் சறுக்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எங்கனயாவது ஒளிஞ்சிருப்பான் சார். பேரச் சொன்னா வந்துருவான்லா."

கல்பனா ஒருமுறைகூட அழைக்கவில்லை. உள்ளே ஓடி, இசக்கியம்மாளின் தோளைப் பிடித்து, "தண்ணி எங்க இருக்குக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்னால... வாய்க்கா, தாயி."

கார் பருவ நெல் சாகுபடிக்காகக் கால்வாயில் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, கல்பனா பட்டுப் புடவையோடு இடுப்பளவு நீரில் நின்றாள். மகன் அவள் தோளில் கிடந்து இருமிக்கொண்டிருந்தான். இசக்கியம்மாள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டியபடியே அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

உரிமையாளர் கரையில் நின்றார். "இப்படிப்பட்ட பிள்ளைய எதுக்கு சார் நாலு பேரு வார இடத்துக்குக் கூட்டிட்டு வாறீய? எனக்குல்லா கெட்ட பேரு" என்று சொல்லி, ஐந்து ரூபாயைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. "பின்பக்கம் ஒரு கம்பிவலைக் கதவு போடுங்கள். காற்றும் வரும், குழந்தைகளும் உள்ளே இருப்பார்கள்" என்றேன்.

"பாக்கலாம் சார்" என்றார்.

வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். முன்வாசலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மின்சாரம் போனால் எந்தக் கதவைத் திறப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். உங்களை உள்ளே விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

மறுநாள் காலை, ஊர் திரும்பும் முன் அந்தத் தெருவுக்குப் போனேன். முன்வாசலில் புதிய பலகை: "மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அனுமதி இல்லை." பெயிண்ட் இன்னும் காயவில்லை. அன்றும் மின்சாரம் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடம் நிறையக் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் அந்தக் கதவு, வலை எதுவும் இல்லாமல், கால்வாயைப் பார்த்துத் திறந்தே கிடந்தது.