ஊசியில் இருக்கும் சால்வை

ஏரல் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீவைகுண்டம் படித்துறைக்கு வந்திருக்கிறேன். வெயில் தாழட்டும் என்று மேல்படியில் உட்கார்ந்து சால்வை பின்னுகிறேன். இந்த ஊருக்கு இன்றுதான் முதல் முறையாக வருகிறேன்.

பக்கத்தில் பூக்கட்டும் பெண் சிரிக்கிறாள். "இந்த வேக்காட்டுல கம்பளியாக்கா?"

"பெங்களூர்ல இருக்குற மகளுக்கு" என்கிறேன் கூச்சத்துடன். "தோள்ல போடலாம், தலையில சுத்தலாம்."

"இடுப்புலயும் கட்டலாம். நேத்து நீங்க கட்டியிருந்தியல்லா?"

நேற்று நான் மதுரையில் என் வீட்டில் இருந்தேன். சால்வையும் இன்னும் ஊசியில்தான் இருக்கிறது, பாதிகூட முடியவில்லை. அதைச் சொல்கிறேன். அவள் நம்பவில்லை.

"நீங்கதான்க்கா. இதே பச்சை. தலையில சுத்திக்கிட்டு வந்திய. இங்கன நின்னு அவுத்து, இடுப்புல கட்டிக்கிட்டு இறங்குனிய. அங்கன ஆழம், ஏறுங்கன்னு கத்துனேன். திரும்பிக்கூடப் பாக்கல."

பூவைக் கீழே வைக்கிறாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எப்பக்கா ஏறி வந்திய? நான் இருட்டுற வரைக்கும் நின்னேன்."

இந்தச் சால்வையை மகளுக்கு அனுப்ப இனி என்னால் முடியாது. ஊசியை உருவிவிட்டுப் பிரிக்கத் தொடங்குகிறேன். வரிசை வரிசையாகக் கழன்று வரும் நூல் விரலில் ஈரமாக ஒட்டுகிறது. வியர்வையாகத்தான் இருக்க வேண்டும்.